பதினேழாம் எண் நாற்காலி

எங்கள் அடுக்ககத்து வாசலில் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியை வந்து நின்றால் வாட்ச்மேன் முதலில் கேட்டைச் சாத்துவார், பிறகுதான் வணக்கம் வைப்பார். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். ஆவடியை அடுத்து, கோவில்பதாகை தாண்டி வெள்ளானூர் போகிற பக்கத்தில் அவருக்கு இருந்த மரியாதை எந்தக் கவுன்சிலருக்கும் இருந்ததில்லை. ஆனால் அவர் உள்ளே வந்தால் ஏதோ ஒன்று வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். ஏணி, ஜமக்காளம், குடிதண்ணீர் டிரம், தோட்டத்து ஹோஸ் பைப். ஒருமுறை வாட்ச்மேனே போய், அரையாண்டுப் பரீட்சை முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார்.

எல்லாம் இரவல். அந்த அம்மாவுக்கு அந்த ஒரு சொல் போதும். 'கொடுங்கள்' என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. 'இரவல் கொடுங்கள்' என்றுதான் கேட்பார்.

நான் சாத்தூர்ப் பக்கத்து ஆள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்துக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பிழைப்பவன். ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைக்கிறதே என்று இங்கே ஃபிளாட் வாங்கினேன். குடியேறிய ஆறாம் மாதம் அசோசியேஷன் பொதுக்குழு நடந்தது. நடுவில் போன் வந்து வெளியே போனேன். திரும்பி வந்தபோது எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். யாருக்கென்று தெரியாமல் நானும் தட்டினேன். செயலாளராக என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

பதவிக்கு வந்து ஒரு வாரத்தில் அவர் வந்தார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் ஒரு துணிப்பை, வெயிலில் நடந்து வந்த சிவந்த முகம்.

"சார், நாற்பது நாற்காலி வேணும். ஸ்கூல் ஆண்டு விழா."

பதவி புதிது. எனக்குள் ஒரு வள்ளல் எழுந்து உட்கார்ந்தான். "நாற்பது எதுக்கு மேடம்? பத்து நாற்காலியை நன்கொடையாவே குடுத்துடறோம். எங்க பேரை மட்டும் பெரிசா போட்டுடுங்க" என்றேன்.

"நன்கொடை வேணாம் சார். இரவல் போதும். நாற்பது."

வள்ளல் படுத்துவிட்டான். நாற்காலிகளை வரிசையாக எடுத்து வைத்தோம். அவர் துணிப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவையும் பிரஷ்ஷையும் எடுத்தார். நாற்காலி ஒவ்வொன்றையும் கவிழ்த்து அடிப்பக்கத்தில் நீலப் பெயின்ட்டால் எழுத ஆரம்பித்தார். 'அடுக்ககம் 1', 'அடுக்ககம் 2'...

"என்ன மேடம் பண்றீங்க?"

"உங்க பேர் சார். பெரிசா போடச் சொன்னீங்களே."

"அடியில போட்டா யார் பாக்கிறது?"

"அங்கேதான் சார் அழியாது."

பதினேழாவது நாற்காலியைக் கவிழ்த்தவர் நிறுத்தினார். "இதுக்குக் கால்ல விரிசல் இருக்கு. நாங்க பண்ணினது இல்ல. இப்பவே பார்த்துக்குங்க சார்." நானும் குனிந்து பார்த்து, ஏதோ எலும்பு டாக்டர் மாதிரி தலையாட்டினேன்.

திங்கட்கிழமை காலை நாற்பதும் திரும்பி வந்தன. கழுவித் துடைத்திருந்தார்கள். எங்கள் நாற்காலிகளின் நிறம் வெள்ளை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவரை சந்தன நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பதினேழாம் எண்ணின் காலில் செம்புக் கம்பி சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது.

அந்த அரசு உயர்நிலைப் பள்ளியின் வரலாற்றை யாராவது எழுத உட்கார்ந்தால் அது முழுக்க இரவல் வரலாறாகத்தான் இருக்கும். பள்ளி முதலில் நடந்தது ஒரு ரைஸ் மில்லின் களத்தில். நெல் காயப்போட்டால் அன்றைக்குப் பள்ளி விடுமுறை. நல்ல விளைச்சல் வருஷத்தில் பிள்ளைகள் ஒன்றும் படிக்கவில்லை என்று சொல்வார்கள். பிறகு கொஞ்ச நாள் சர்ச் ஹாலில் நடந்தது. அப்புறம்தான் சொந்த இடம், ஓட்டுக் கட்டடம், நடுநிலை, உயர்நிலை என்று ஒவ்வொரு படியாக ஏறியது. படி ஏறியதே தவிர சாமான் சேரவில்லை. இவர் தலைமையாசிரியையாக வந்தபோது பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்களாம். அன்றைக்குத் துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டியவர்தான்.

பெஞ்சுகளின் அடியில் 'தேவாலயம்' என்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தின் முதுகில் 'பால் கடை'. இயற்பியல் தராசின் அடியில் நகைக்கடை. பத்தாம் வகுப்பின் மின்விசிறி எதிர்க்கடை டெய்லருடையது.

கொஞ்ச நாளில் என்னையும் இரவல் வாங்கினார். கணக்கு டீச்சர் பிரசவ விடுப்பில் போயிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல், என் மனைவியிடம் கேட்டார்.

"சாரை சனிக்கிழமை சனிக்கிழமை இரவல் குடுங்கம்மா. பத்தாவது கணக்குக்கு. பத்திரமா திருப்பி அனுப்பிடறேன்."

"தாராளமா எடுத்துட்டுப் போங்க மேடம். லேட்டா திருப்பினாலும் பரவாயில்ல" என்றாள் என் மனைவி. இவ்வளவு வேகமாக அவள் எதையும் இரவல் கொடுத்து நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டுக்கு மிக்ஸி ஜாடி கொடுக்கக்கூட யோசிப்பவள்.

முதல் சனிக்கிழமை ஏற்றக்கோணக் கணக்கு. கம்ப்யூட்டரையே ஆட்டி வைக்கிறவனுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா என்று சாக்பீஸை எடுத்தேன். பலகை நிறைய எழுதி, கடைசியில் கோபுரத்தின் உயரம் மைனஸ் பன்னிரண்டு மீட்டர் என்று வந்தது. மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள்.

"சார், அப்போ அது கிணறு சார்."

அவள்தான் எஸ்தர். எங்கள் அடுக்ககத்தில் மாடிப்படி கூட்டும் அக்காவின் மகள். வந்து பலகையில் என் தப்பைத் திருத்திவிட்டு, சாக்பீஸை என் கையில் திரும்பக் கொடுத்தாள். அதுவும் இரவல்தான் போல.

அன்று மதியம் தலைமையாசிரியை என்னை கேட் வரை கொண்டுவந்து விட்டு என் மனைவிக்குப் போன் செய்தார். "திருப்பி அனுப்பிட்டேன்மா. கொஞ்சம் சுருங்கியிருக்கார். மத்தபடி சேதாரம் இல்ல."

எஸ்தரின் அம்மாவிடம் ஒருநாள், "உங்க பொண்ணு ரொம்ப கெட்டிக்காரிக்கா" என்றேன். அந்த அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.

"இருந்து இன்னா சார்? இந்த இஸ்கூலு பத்தாவதோட சரி. அதுக்கு மேல ஆவடிக்குப் போவணும். ஷேர் ஆட்டோல ஆம்பளைங்களோட இடிச்சிகினு, மழை வந்தா ரோட்ல முட்டி வரிக்கும் தண்ணி. இவ அக்காளை அனுப்பி நான் பட்டது போதும். எஸ்டேட்ல பேக்கிங் கம்பெனில சொல்லி வச்சிகீறேன். பத்தாவது முடிச்சதும் போய்டுவா."

அதைத் தலைமையாசிரியையிடம் சொன்னேன். "எஸ்தர் மட்டும் இல்ல சார். போன வருஷம் பதினோரு பொண்ணுங்க அப்படித்தான் நின்னுட்டாங்க" என்றார். மேல்நிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தச் சொல்லி அவர் எழுதாத மனு இல்லை. கடைசியில் ஆய்வுக்கு ஒரு அதிகாரி வரப்போவதாகத் தகவல் வந்திருந்தது. வகுப்பறை, ஆய்வகம், தளவாடம் எல்லாவற்றையும் பார்த்து அவர் எழுதும் அறிக்கையில்தான் எல்லாம் இருந்தது. இந்த முறை தவறினால் அடுத்த முறை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எஸ்தரின் பேக்கிங் கம்பெனி அதுவரை காத்திருக்காது.

"மேடம், இவ்வளவு கஷ்டத்துக்கு எல்லாத்தையும் நன்கொடையாவே கேட்டு வாங்கியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"நன்கொடை குடுத்தவங்க மறுபடி வரமாட்டாங்க சார். கல்வெட்டுல பேர் சரியா இருக்கான்னு ஒருதடவை பாத்துட்டுப் போயிடுவாங்க. இரவல் குடுத்தவங்க வருவாங்க. சாமான் பத்திரமா இருக்கான்னு பாக்கவாவது வருவாங்க. வந்தா பிள்ளைங்களையும் பாப்பாங்க இல்ல?"

யோசித்தால் உண்மைதான். விசிறி சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்க வரும் டெய்லர், கூடவே பிள்ளைகளின் அறுந்த பொத்தான்களைத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். சர்ச்சைத் திறந்து பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளை, பெஞ்சைப் பார்க்க வந்தவர், ஒழுகிய குழாயை மாற்றியிருந்தார். இந்தத் தந்திரத்தில் சிக்காத ஒரே ஆள் நான்தான் என்று பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

"நீங்க இந்த மாசத்துல நாலாவது தடவை வந்திருக்கீங்க சார்" என்றார் அவர்.

ஆய்வுக்கு நாடே தயாரானது. ஆவடிப் பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து நுண்ணோக்கி வந்தது. எங்கள் நாற்காலிகள் நாற்பதும் போயின. முந்தின நாள் தலைமையாசிரியை இரவல் கொடுத்த எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

"நாளைக்கு யாரும் ஸ்கூல் பக்கம் வரக்கூடாது. உங்க சாமானை நான் பாத்துக்கறேன். ஒருத்தரும் வராதீங்க."

எல்லோரும் தலையாட்டினோம். மற்றவர்களுக்குச் சொல்கிறார் என்று ஒவ்வொருவரும் புரிந்துகொண்டோம்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் பத்து மணிக்குப் போனேன். பத்தாம் வகுப்பு ஜன்னல் ஓரத்தில் டெய்லர் தோளில் இஞ்ச் டேப்போடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் கோயில்பிள்ளை. பின்னால் பால் கடைக்காரர்.

"இன்னா சார், நீயும் வந்துகீறே? வராதேன்னு சொன்னாங்களே?" என்றார் டெய்லர்.

"நீங்க?"

"நம்ம கடை எதுத்தாப்ல கீது. நான் வரல, கடை ஓரமா நிக்கிறேன்." கடை சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

அதிகாரி உள்ளே வந்தார். மெலிந்த மனிதர். கண்ணாடி மூக்கின் நுனியில் இருந்தது. நுண்ணோக்கியைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், எல்லாவற்றையும் கோப்பில் குறித்தார். எங்களை ஜன்னலில் பார்த்த தலைமையாசிரியையின் முகம் ஒரு கணம் மாறியது. அதிகாரி எழுதுவதற்காக ஒரு நாற்காலியை இழுத்தார்.

காலில் செம்புக் கம்பி மின்னியது.

அதற்கு மேல் நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. என் வாய்தான் பொறுப்பு. "சார்! அதுல உக்காராதீங்க! அது எங்க அசோசியேஷன் நாற்காலி, கால்ல விரிசல்!" என்று ஜன்னல் கம்பி அதிரக் கத்தினேன்.

அதிகாரி பாதி உட்கார்ந்தவர் அப்படியே எழுந்தார். நாற்காலியைக் கவிழ்த்தார். 'அடுக்ககம் 17' என்று சத்தமாகப் படித்தார். குனிந்து பெஞ்சின் அடியில் பார்த்தார். 'தேவாலயம்.' கடிகாரத்தைக் கழற்றித் திருப்பினார். 'பால் கடை.' பிறகு கழுத்தை நிமிர்த்தி மின்விசிறியைப் பார்த்தார்.

"மேல பாக்காதே சார், கழுத்து சுளுக்கிக்கும். அது என்னுது" என்றார் டெய்லர்.

அதிகாரி தலைமையாசிரியையைப் பார்த்தார். அவர் தலைகுனியவில்லை.

"ஆமா சார். எல்லாம் இரவல்தான். நீங்க கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

"அப்போ இந்தப் பள்ளிக்குச் சொந்தமா என்னம்மா இருக்கு?"

"கரும்பலகை இருக்கு சார்." கொஞ்சம் யோசித்தார். "பிள்ளைங்க இருக்காங்க."

"புள்ளைங்களா? அதுவும் எங்களுதுதான் சார்" என்றார் டெய்லர்.

யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தத் துடைப்பு ஒரு பீரியடு நேரம் நீண்டது எனக்கு. மூன்றாவது பெஞ்சில் எஸ்தர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபுரத்தைக் கிணறாக்கிய ஆளை ஒருத்தி எப்படிப் பார்ப்பாளோ அப்படி.

"இரவல் சாமானை நான் அறிக்கையில எழுத முடியாதும்மா" என்றார் அதிகாரி. "நாளைக்கே இவங்க தூக்கிட்டுப் போயிட்டா? பிளஸ் ஒன், பிளஸ் டூன்னா ரெண்டு வருஷம்." கோப்பை மூடினார். மூடிய கோப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார். "பள்ளிக்குன்னு சாமான் வர்ற வரைக்கும் எடுக்க மாட்டோம்னு எழுதித் தருவீங்களா?"

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இரவல் என்பது வேறு, எழுதிக் கொடுப்பது வேறு. கையெழுத்து என்றால் நடுத்தர வர்க்கத்து ஆளிடம் முதலில் பேனா காணாமல் போகும்.

வகுப்பில் சர்ரென்று ஒரு சத்தம். எஸ்தர் தன் ரஃப் நோட்டின் நடுத்தாள்களைக் கிழித்துக்கொண்டிருந்தாள். ஜன்னலுக்கு வந்து ஆளுக்கொரு தாளாகக் கம்பி வழியே நீட்டினாள். கடைசித் தாளோடு ஒரு பேனாவும்.

"நம்மளுது ஏற்கெனவே மூணு வருசமா இங்கதான் சுத்திகினு கீது" என்று டெய்லர் முதலில் வாங்கினார். "நீயே எயுதும்மா, நான் கையெயுத்துப் போடறேன்." போதகரைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டு, கோயில்பிள்ளை சிலுவை போட்டுக்கொண்டார். கடைசியில் பேனா என்னிடம் வந்தது. அசோசியேஷனின் ஒரு துடைப்பத்தை வெளியே அனுப்பக்கூட எனக்குத் தனியாக அதிகாரம் கிடையாது. 'செயலாளர்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதிகாரி தாள்களை அடுக்கிக் கோப்பில் வைத்தார். நல்லது கெட்டது எதுவும் சொல்லவில்லை. பதினாறாம் எண் நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்து எழுதினார்.

அடுத்த பொதுக்குழுவில் என் கையெழுத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். என்னைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கினார்கள். இந்த முறையும் எல்லோரும் கைதட்டினார்கள். நான்தான் பலமாகத் தட்டினேன். அன்றைக்கு வந்த தூக்கம் போல எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. ஜன்னலில் கத்தியதற்குத் தலைமையாசிரியை என்னைத் திட்டுவார் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் காத்திருந்தேன். அவர் வழக்கம்போல சாக்பீஸை எடுத்து நீட்டினார். அது இன்னும் மோசமாக இருந்தது.

பத்தாம் வகுப்பு முடிவு வந்தது. எஸ்தருக்குக் கணக்கில் தொண்ணூற்று நான்கு. என்னால் குறைந்த ஆறு மதிப்பெண் என்று இன்றைக்கும் சொல்வாள். பேக்கிங் கம்பெனியில் அடுத்த மாதம் முதல் தேதி வரச் சொல்லியிருந்தார்கள்.

அந்த மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் வாட்ச்மேன் மூச்சு வாங்க மாடிக்கு ஓடி வந்தார்.

"சார், பெரிய டீச்சர் வந்துகீறாங்கோ. எதுவும் கேக்கல சார். சும்மா நிக்கிறாங்கோ. எனுக்கு பயமா கீது."

கீழே ஓடினேன். அவர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். துணிப்பை மடியில் கிடந்தது. மேல்படியில் எஸ்தரின் அம்மா துடைப்பத்தோடு நின்றுவிட்டார்.

"வந்துடுச்சு சார்" என்றார் தலைமையாசிரியை. "ஆர்டர் வந்துடுச்சு. இந்த வருஷமே பிளஸ் ஒன்."

எஸ்தரின் அம்மா துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு அவர் பக்கத்திலேயே படியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். முந்தானைக்குள்ளிருந்தே, "அந்தக் கம்பெனிக்காரனுக்கு போன் போட்டு வாணாம்னு சொல்லணும்" என்றார்.

"கொஞ்சம் தண்ணி குடுங்க சார்" என்றார் தலைமையாசிரியை.

கொண்டுவந்து கொடுத்தேன். "இதுவும் இரவலா மேடம்?"

"இல்ல சார். இதை மட்டும் திருப்பித் தர முடியாது" என்று அண்ணாந்து குடித்தார். அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சிங்கப்பல் ஒன்று துருத்திக்கொண்டு, பள்ளிப் பெண் மாதிரி இருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து, முதல் பிளஸ் டூ செட் பரீட்சை எழுதி முடித்த அந்தக் கோடையில் அவர் ஓய்வு பெற்றார். அதற்குள் அரசு மேஜைகளும் பெஞ்சுகளும் வந்துவிட்டன. கடைசி வாரம் முழுக்க ஒரு குட்டி யானை சரக்கு வண்டி தெருத்தெருவாகப் போய் இரவலைத் திருப்பிக்கொண்டிருந்தது. டெய்லருக்கு விசிறி போனது, துடைத்து எண்ணெய் விட்டு. தேவாலயத்துக்குப் பெஞ்சு போனது, வார்னிஷ் அடித்து. எங்களுக்கு நாற்காலிகள் வந்தன, மறுபடி வெள்ளையாக.

பதவி போனாலும் பழக்கம் போகவில்லை. கவிழ்த்து எண்ணிப் பார்த்தேன். முப்பத்தொன்பது. பதினேழாம் எண் இல்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அந்த அம்மா கடைசியாக ஒன்றில் தவறிவிட்டார்! நேரில் போய்க் கிண்டல் செய்ய வேண்டும் என்று இரண்டு மூன்று வசனம் தயார் செய்துகொண்டு, பள்ளி திறந்த முதல் சனிக்கிழமை போனேன். அவர் அதற்கு முன்பே தஞ்சாவூர்ப் பக்கம் மகன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். புதிய தலைமையாசிரியர், "என்ன சார் வேணும்?" என்றார்.

"ஒரு நாற்காலி..."

"பிளஸ் ஒன் ரூம்ல ஏதோ ஒரு பழைய நாற்காலி கிடக்குது. பாருங்க."

போய்ப் பார்த்தேன். கரும்பலகைக்குப் பக்கத்தில் ஆசிரியர் உட்காரும் இடத்தில் அது இருந்தது. செம்புக் கம்பி புதிதாகச் சுற்றியிருந்தது. வகுப்பு நிறையப் பெண்கள். ஆசிரியர் இல்லை.

"கணக்கு சாரா சார்?" என்றாள் முதல் பெஞ்சுப் பெண். "இன்னும் போஸ்டிங் போடலன்னாங்களே? வந்துட்டீங்களா?"

இல்லை என்றுதான் சொல்ல நினைத்தேன். உட்காரப் போனேன்.

"பார்த்து சார், கால்ல விரிசல்" என்றாள் அவள்.

வீட்டுக்குத் திரும்ப மதியம் ஆகிவிட்டது. கையெல்லாம் சாக்பீஸ். மனைவி கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னங்க, நாற்காலி கிடைச்சுதா?"

"கேட்டிருக்கேன்" என்றேன். "அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."